ராட்வான்ஸ்காவுக்கு ஏன் கிராண்ட் ஸ்லாம் கிடைக்கல: ஓசி பாயின்ட் இல்லாத ஒரு கரியர்

2018 நவம்பர் 14-ம் தேதி போலந்து டென்னிஸ் ஆட்டக்காரர் அக்னியெஷ்கா ராட்வான்ஸ்கா ரிட்டயர் ஆறேன்னு அறிவிச்சப்ப வயசு வெறும் 29. 20 டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் டூர்) சிங்கிள்ஸ் டைட்டில், ரேங்கிங்ல உலக நம்பர் 2 வரைக்கும், 2012 விம்பிள்டன் ஃபைனல், 2015-ல சிங்கப்பூர்ல நடந்த வருஷக் கடைசி ஃபைனல்ஸ் கோப்பை, பரிசுப் பணம் மட்டும் 2 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல. இவ்வளவு இருந்தும் அவங்க பேர் வந்தாலே கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற வரி ஒண்ணு இருக்கு, "நல்லா ஆடுவாங்க, ஆனா ஸ்லாம் ஜெயிக்கல" (ஸ்லாம்னா ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், யுஎஸ் ஓபன்ங்கற நாலு பெரிய போட்டி). அதுக்குக் காரணமும் ரெடியா வச்சிருப்பாங்க, பெரிய மேட்ச்ல பதறிடுவாங்க, மனசுல உறுதி பத்தாதுன்னு. எனக்கு இந்தக் காரணத்துல துளிகூட உடன்பாடு இல்ல. ஒவ்வொரு மேட்ச்சா எடுத்து வச்சுப் பாத்தா காரணம் அவங்க சர்வ்லயும் கால்லயும் இருக்குன்னு தெளிவா தெரியுது.

முதல்ல ஊர்லேருந்து ஆரம்பிக்கிறேன். போலந்தோட கிராக்கோவ் நகரத்துல 1989 மார்ச் 6-ல பிறந்தவங்க. தாத்தா ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர், அப்பா ராபர்ட் டென்னிஸ் கோச். அப்பாவுக்கு ஜெர்மனியில க்ரோனாவ்ங்கற ஊர்ல கோச் வேலை, அங்கதான் நாலு வயசுல ராக்கெட்ட கையில எடுத்தாங்க, தங்கச்சி உர்ஷுலா பிறந்ததும் ஜெர்மனியிலதான். அப்புறம் குடும்பம் கிராக்கோவுக்கே திரும்பிடுச்சு, நத்விஷ்லான் கிளப்ல ரெண்டு பொண்ணுங்களையும் அப்பாவே வளத்தெடுத்தாரு. அக்கா 2005-ல விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன், 2006-ல பிரெஞ்சு ஓபன் ஜூனியர் சாம்பியன். தங்கச்சி 2007-ல விம்பிள்டன் ஜூனியர். ஒரே வீட்டுல மூணு ஜூனியர் ஸ்லாம்!

ஆனா அந்த வீட்டுக்கு வெளிய பாத்தா போலந்துல பெண்கள் டென்னிஸ்ல கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போக முன்னாடி யாரும் இல்ல. அதுக்கு முந்தின பெரிய பேர்னா யத்விகா யென்ட்ஷெயோவ்ஸ்கா, அவங்களும் கிராக்கோவ்க்காரங்கதான், 1937 விம்பிள்டன் ஃபைனல்ல டோரதி ரவுண்டுக்கு எதிரா மூணாவது செட்ல 4-1 லீட் எடுத்துட்டு 7-5-னு தோத்தவங்க. அதே வருஷம் யுஎஸ் ஃபைனல், 1939-ல பிரெஞ்சு ஃபைனல், மூணுலயும் தோல்வி. அதுக்கப்புறம் எழுபது வருஷம் கிட்டத்தட்ட வெறுமைதான். 2007 ஆகஸ்ட்ல ஸ்டாக்ஹோம்ல ராட்வான்ஸ்கா வேரா துஷேவினாவ 6-1, 6-1-னு அடிச்சு கோப்பை வாங்கினப்பதான் ஒரு போலந்து பொண்ணுக்கு முதல் டபிள்யூடிஏ சிங்கிள்ஸ் டைட்டில் கிடைச்சுது. முதல் டாப் 10 போலந்து பொண்ணும் அவங்கதான், 2008-ல.

இனி ஆட்டத்துக்கு வரேன், கேஸே இங்கதான் இருக்கு. அவங்க டூருக்கு வந்த காலம் எப்படிப்பட்ட காலம்னா செரீனா, வீனஸ், ஷரபோவா, கொஞ்சம் தள்ளி க்விட்டோவா, அசரென்கா, எல்லாருமே பந்த உடைக்கற மாதிரி அடிக்கறவங்க. ராட்வான்ஸ்கா 173 செ.மீ உயரம், ஒல்லி உடம்பு, சர்வ்ல வேகம் கிடையாது, அதுலயும் செகண்ட் சர்வ் மிதந்து போய் விழும், எதிராளி கோர்ட்டுக்குள்ள ரெண்டடி ஏறி வந்து நின்னு சாத்துவாங்க. ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்), சர்வீஸ் வின்னர் (தொட்டாலும் திருப்ப முடியாத சர்வ்), ரிட்டர்ன வாங்கின உடனே ஒரே அடியில முடிக்கறது, இதெல்லாம்தான் டென்னிஸ்ல ஓசியில கிடைக்கற பாயின்ட். ஒரு செட்டுக்கு இப்படி எட்டு பத்து பாயின்ட் வந்தாலே பாதி பாரம் இறங்கிடும். ராட்வான்ஸ்காவுக்கு அது கிட்டத்தட்ட கிடையவே கிடையாது, எல்லாத்தையும் ஓடி வாங்கணும்.

அப்ப எதை வச்சு ஜெயிச்சாங்க? எதிராளியோட வேகத்த வச்சே. அந்த உக்காந்து அடிக்கற ஷாட்ட பாத்தவங்களுக்குத் தெரியும், பந்து வேகமா காலடியில வந்து விழும்போது மத்தவங்க ரெண்டடி பின்னால போவாங்க, இவங்க பேஸ்லைன (கோர்ட்டோட பின் கோடு) விட்டு நகராம முட்டி தரையத் தொடற அளவுக்கு அப்படியே உக்காந்து, பந்து எழும்பற நேரத்துலயே ராக்கெட்ட குடுப்பாங்க. வித்தைக்காக பண்ணது இல்ல அது. பின்னால போனா எதிராளிக்கு நேரம் கிடைக்கும், இவங்ககிட்ட பவர் இல்லாததால அங்கேருந்து திருப்பி அழுத்தம் குடுக்க முடியாது, அதனால இடத்த விட்டுக்குடுக்காம இருக்க இது ஒண்ணுதான் வழி. வந்த வேகத்தையே திசை மாத்தி அனுப்பறது, நடுவுல ஒரு டிராப் ஷாட், அடுத்து தலைக்கு மேல லாப், அடுத்து லைன ஒட்டி ஒரு பேக்ஹேண்ட். எதிராளிக்கு ஒரே மாதிரி ரெண்டு பந்து வராது. 2013 மியாமியில கிர்ஸ்டன் ஃப்ளிப்கென்ஸ் கூட ஆடினப்ப தனக்குப் பின்னால போன பந்த அப்படியே ஒரு சுத்து சுத்தி பேக்ஹேண்ட் வாலியா அடிச்சாங்களே, அத இன்னிக்கும் மாசத்துக்கு ஒரு தடவையாவது போட்டுப் பாக்கறேன். 2013-லேருந்து 2017 வரைக்கும் வருஷத்தோட சிறந்த ஷாட் அவார்ட் தொடர்ந்து அவங்களுக்குத்தான் போச்சு. ரசிகர்கள் ஓட்டுல ஃபேவரிட் பிளேயர் 2011-லேருந்து ஆறு வருஷம் வரிசையா.

தைரியம் இல்லாதவங்கன்னு சொல்றவங்க 2007 யுஎஸ் ஓபன் மூணாவது ரவுண்ட பாக்கணும். எதிர்ல ஷரபோவா, முந்தின வருஷ சாம்பியன். ராட்வான்ஸ்காவுக்கு வயசு 18. ஷரபோவா செகண்ட் சர்வ் போட கையத் தூக்கற நேரத்துல இவங்க சர்வீஸ் கோட்டுக்குப் பக்கத்துல வரைக்கும் நடந்து வந்து அங்கயும் இங்கயும் அசைஞ்சு நிப்பாங்க. ஷரபோவாவுக்கு சர்வ் கெட்டு டபுள் ஃபால்ட்டா கொட்டுச்சு. 6-4, 1-6, 6-2. அந்த ஸ்டேடியத்துல, அந்த வயசுல, அந்த எதிராளிகிட்ட இப்படிப் பண்ண எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்!

2011-ல நடந்த மாற்றம் முக்கியமானது. அதுவரைக்கும் அப்பாதான் கோச், அந்த வருஷ நடுவுல பிரிஞ்சு தோமாஷ் விக்டோரோவ்ஸ்கி கூட வேலை செய்ய ஆரம்பிச்சாங்க, அவர் அப்ப ஃபெட் கப்ல (நாடுகளுக்கு நடுவுல நடக்கற பெண்கள் டீம் போட்டி) போலந்து டீம் கேப்டன். உடனே சான் டியாகோ பக்கத்துல கார்ல்ஸ்பாட் டைட்டில், அப்புறம் டோக்கியோ, அடுத்த வாரமே பெய்ஜிங். 2012-ல துபாய், மியாமி. மியாமியில ஒரு செட் கூட விடாம வந்து ஃபைனல்ல ஷரபோவாவ 7-5, 6-4. கோர்ட்டுக்குள்ள கொஞ்சம் முன்னால ஏறி ஆட ஆரம்பிச்சாங்க, முகத்துல ஒரு விடுதலை தெரிஞ்சுது. அப்பா கோச்சா இருக்கற வீட்டுல தோத்துட்டு வந்தா சாப்பாட்டு மேஜையிலயும் அதே மேட்ச்தானே ஓடும், இந்தப் பிரிவு ரெண்டு பேருக்குமே நல்லதாத்தான் முடிஞ்சிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

இப்ப ஸ்லாம் கைநழுவின நாலு மேட்ச்.

2012 விம்பிள்டன் ஃபைனல், எதிர்ல செரீனா. ஓபன் காலத்துல சிங்கிள்ஸ் ஸ்லாம் ஃபைனலுக்கு வந்த முதல் போலந்து ஆள் ராட்வான்ஸ்காதான், ஜெயிச்சிருந்தா உலக நம்பர் 1-உம் அவங்கதான். மூச்சுக்குழல்ல இன்ஃபெக்ஷன், முந்தின நாள் பிரஸ் மீட்டையே கேன்சல் பண்ற நிலைமை. முதல் செட் 6-1-னு பறந்து போச்சு. பதறி விழற ஆளா இருந்தா அங்கயே முடிஞ்சிருக்கணும். ரெண்டாவது செட்ல 4-2-னு பின்தங்கி இருந்துட்டு 7-5-னு எடுத்தாங்க. மூணாவது செட்ல 2-1 லீட். அடுத்த கேம் செரீனா சர்வ், நாலு பந்து, நாலும் ஏஸ், ஒரு நிமிஷத்துக்குள்ள 2-2. அதுக்கப்புறம் ராட்வான்ஸ்காவுக்கு ஒரு கேம் கூட இல்ல, 6-2. மொத்த மேட்ச்ல செரீனாவுக்கு 17 ஏஸ், 58 வின்னர், ராட்வான்ஸ்காவுக்கு 13 வின்னர். அந்த ஒரு நிமிஷத்துலதான் என் வாதம் முழுக்க இருக்கு. ஒருத்தர் ஓடாமலே நாலு பாயின்ட் எடுக்கறாங்க, இன்னொருத்தர் அதே நாலு பாயின்ட்டுக்கு ஒவ்வொண்ணுக்கும் பத்து பதினஞ்சு ஷாட் ஓடணும். செரீனாகிட்ட வாழ்நாள்ல 10 மேட்ச் ஆடி ஒண்ணு கூட ஜெயிக்கல, இந்தக் கணக்குக்கு அதுல ஆச்சரியம் இல்ல.

2013 விம்பிள்டன், இதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறாத மேட்ச். ஷரபோவா ரெண்டாவது ரவுண்ட்ல அவுட், அசரென்கா காயத்தால விலகிட்டாங்க, செரீனாவ சபீன் லிசிக்கி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. செமிக்கு வந்த நாலு பேர்ல பெரிய ரேங்கிங் ராட்வான்ஸ்காவுக்குத்தான், எல்லாருமே இந்த வருஷம் இவங்களுக்குத்தான்னு நினைச்சோம். ஆனா அந்த செமிக்கு எப்படி வந்தாங்கன்னு பாருங்க. மூணாவது ரவுண்ட்ல மேடிசன் கீஸ் கூட மூணு செட், நாலாவது ரவுண்ட்ல பிரோன்கோவா கூட மூணு செட், குவார்ட்டர்ல லி நா கூட மூணு செட், அதுவும் ரெண்டு மணி நேரத்தத் தாண்டின மேட்ச், தொடையில கட்டு போட்டுக்கிட்டு ஆடினாங்க. செமியில லிசிக்கி கூட மறுபடியும் மூணு செட், கடைசி செட்ல 3-0 லீட், ஆனா லிசிக்கி விடாம அடிச்சு அடிச்சு மேல வந்து 9-7-னு முடிச்சுட்டாங்க. தொடர்ந்து நாலாவது மூணு-செட் மேட்ச் அது. 3-0-லேருந்து விட்டத பயம்னு எழுதினவங்க அந்தக் கால்கள பாக்கல. ஃபைனல்ல லிசிக்கிய பார்டோலி 6-1, 6-4-னு ஈஸியா முடிச்சாங்க.

2014 ஆஸ்திரேலிய ஓபன். குவார்ட்டர்ல அசரென்கா, ரெண்டு வருஷமா அங்க சாம்பியன். 6-1, 5-7, 6-0. கடைசி செட்ல அசரென்கா என்ன பண்றதுன்னு தெரியாம நின்னதுதான் ராட்வான்ஸ்கா டென்னிஸோட உச்சம்னு நான் சொல்லுவேன், வாலி, டிராப், சுத்தி அடிக்கறது, எல்லாமே விழுந்துச்சு. ஆனா அடுத்த நாளே செமி. எதிர்ல டொமினிக்கா சிபுல்கோவா, ஒரு வருஷம் முன்னாடி சிட்னி ஃபைனல்ல இதே ஆள 6-0, 6-0-னு அடிச்சிருக்காங்க. இந்தத் தடவை 1-6, 2-6. அதே ரெண்டு பேர், வித்தியாசம் முந்தின நாள் செலவழிச்ச உடம்பு. ஷரபோவாவும் செரீனாவும் இந்தப் போட்டியிலயும் முன்னாடியே காலி ஆகியிருந்தாங்க, அதனால இன்னும் வலிக்குது.

நாலாவதா 2016 பிரெஞ்சு ஓபன், பிரோன்கோவா கூட நாலாவது ரவுண்ட். இது என் களைப்புக் கணக்குல நேரடியா அடங்காது, அதனாலயே இதையும் எடுத்துக்கறேன். 6-2, 3-0 லீட்ல மழை வந்து நின்னுச்சு, அடுத்த நாள் முழுக்க ஆட்டமே நடக்கல, அதுக்கடுத்த நாள் திரும்பி வந்து வரிசையா பத்து கேம் விட்டாங்க, கடைசியில 2-6, 6-3, 6-3-னு பிரோன்கோவா ஜெயிச்சுட்டாங்க. தூறல்லயே ஆட விட்டதுக்கு ராட்வான்ஸ்கா அப்பறம் கோவமா பேசினாங்க, நியாயமான கோவம். களிமண் கோர்ட் நனைஞ்சா பந்து ஈரமும் மண்ணும் சேந்து கனமாயிடும், கோர்ட்டும் இன்னும் மெதுவாயிடும், அப்ப சொந்த பலத்துல பந்தத் தள்ளறவங்களுக்குத்தான் ஆட்டம். எதிராளி வேகத்தக் கடன் வாங்கி ஆடறவங்களுக்கு வாங்க ஒண்ணுமே இருக்காது. பிரெஞ்சுல ஒரே ஒரு குவார்ட்டர்தான் அவங்களோட பெஸ்ட், யுஎஸ் ஓபன்ல நாலாவது ரவுண்டத் தாண்டினதே கிடையாது, விம்பிள்டன்ல மட்டும் ஒரு ஃபைனல், ரெண்டு செமி, ரெண்டு குவார்ட்டர். பந்து தாழ்வா வழுக்கிட்டுப் போற புல்தரை எப்படி அவங்களுக்கு ஒத்துழைச்சுதுன்னு இதுலயே தெரியும்.

சரி, இவ்வளவு சொல்லியும் மனசு உறுதி விஷயத்துல யாருக்காவது சந்தேகம் இருந்தா 2015-ஐ பாக்கணும். அந்த வருஷ ஆரம்பம் மோசம். மார்டினா நவ்ரத்திலோவாவ ஆலோசகரா கூட சேத்தாங்க, ரிசல்ட் வரல, ஏப்ரல்ல பிரிஞ்சாங்க, டாப் 10-ஐ விட்டு வெளிய போய் விம்பிள்டன்ல 13-வது சீடா (போட்டியில குடுக்கற தர வரிசை) ஆடினாங்க. அங்க செமி வரைக்கும் போய் முகுருசாகிட்ட தோத்தாங்க. அப்புறம் டோக்கியோ டைட்டில், தியான்ஜின் டைட்டில், வருஷக் கடைசியில எப்படியோ ஃபைனல்ஸுக்கு இடம் பிடிச்சாங்க. சிங்கப்பூர்ல முதல்ல நாலு பேர் குரூப்ல ஆளுக்கு மூணு மேட்ச், அதுல ரெண்டு பேருக்கு செமி. முதல் மேட்ச் ஷரபோவாகிட்ட தோல்வி, ரெண்டாவது பென்னெட்டாகிட்ட தோல்வி. மூட்டை கட்ட வேண்டிய நிலைமை. மூணாவது மேட்ச்ல ஹாலெப், அந்தப் போட்டியோட முதல் சீட், முதல் செட் டைபிரேக்ல (செட் 6-6-னு வந்தா ஏழு பாயின்ட்டுக்கு ஆடற கேம்) ஹாலெப் 5-1. அங்கேருந்து வரிசையா ஆறு பாயின்ட். செட்ட எடுத்து அடுத்தத 6-1-னு முடிச்சாங்க. அதே நாள் ஷரபோவா பென்னெட்டாவ நேர் செட்ல ஜெயிச்சதால குரூப்லேருந்து தப்பிச்சு செமி. செமியில முகுருசா, முதல் செட் டைபிரேக்ல போச்சு, 6-7, 6-3, 7-5-னு திருப்பினாங்க. ஃபைனல்ல க்விட்டோவா, 6-2, 4-6, 6-3.

அந்த மூணு மேட்ச்ல இருக்கற உறுதி எத்தனை ஸ்லாம் சாம்பியன்கிட்ட இருக்கு? பதறற ஆள் டைபிரேக்ல 1-5-லேருந்து வருவாங்களா? (நம்ம ஊர்க்காரங்க பலருக்கும் அந்த ஃபைனல் நாள் நினைவிருக்கும், அதே நாள் அதே கோர்ட்ல டபுள்ஸ் கோப்பையத் தூக்கினது சானியா மிர்சாவும் ஹிங்கிஸும்.) அமைப்பையும் கவனிக்கணும், ஃபைனல்ஸ்ல மொத்தம் அஞ்சே மேட்ச், ஸ்லாம்ல ஏழு. உலகத்தோட முன்னணி ஆட்டக்காரங்க எதிர்ல இருந்தும் இவங்களால ஜெயிக்க முடிஞ்சுது, ஏன்னா அந்த தூரத்துக்கு உடம்பு தாங்கிச்சு. எதிராளி தரம் பிரச்சினையா இருந்திருந்தா இங்கதான் முதல்ல விழுந்திருப்பாங்க.

அந்த உடம்பு எவ்வளவு தாங்கிச்சுங்கறதுக்கு ஒரு நம்பர். 2006 விம்பிள்டன்லேருந்து 2018 ஆஸ்திரேலிய ஓபன் வரைக்கும் ஒரு ஸ்லாம் கூட விடாம தொடர்ந்து 47. பன்னண்டு வருஷத்துக்குக் கிட்ட! 2011-லேருந்து 2016 வரைக்கும் ஆறு வருஷமும் ஃபைனல்ஸுக்குத் தகுதி. 2016-ஐ உலக நம்பர் 3-ஆ முடிச்சாங்க, அந்த வருஷ பெய்ஜிங்ல கோன்டாவ ஜெயிச்சதுதான் இருபதாவது டைட்டில், அதுவே கடைசியும். 2017-ல பாதத்துல பிரச்சினை, ரேங்கிங் சரசரன்னு இறங்குச்சு. பெரிய சர்வ் இருக்கறவங்க கால் கொஞ்சம் மந்தமானாலும் சர்வ்லயே நாலஞ்சு வருஷம் ஓட்டிடலாம், வீனஸ பாத்தோமே. ராட்வான்ஸ்காவுக்குக் கால்தான் எல்லாமே, அது அரை அடி தாமதமானா அந்த உக்காந்து அடிக்கற ஷாட்டும் இல்ல, அந்த லாபும் இல்ல. பழைய மாதிரி பிராக்டிஸ் பண்ணவும் ஆடவும் உடம்பு விடலன்னு சொல்லிட்டு 29-லயே நிறுத்தினாங்க. எனக்கு அப்ப கண்ணு கலங்கிடுச்சு, ஆனா அது சரியான முடிவுதான்.

இந்தக் கேஸுக்கு ஒரு தொடர்ச்சி இருக்கு. விக்டோரோவ்ஸ்கி 2021 டிசம்பர்ல இகா ஸ்வியாடெக்கோட கோச்சா சேந்தாரு. ஸ்வியாடெக் ஏற்கெனவே 2020 பிரெஞ்சு ஓபன் ஜெயிச்சு போலந்தோட முதல் சிங்கிள்ஸ் ஸ்லாம் சாம்பியன் ஆயிருந்தவங்க, சுத்தி சுத்தி விடற கனமான ஃபோர்ஹேண்ட் இருக்கறவங்க. அவர் வந்த பிறகு ஸ்வியாடெக் முதல் ரெண்டு மூணு ஷாட்லயே தாக்க ஆரம்பிச்சாங்க, பந்த முன்னால ஏறி எடுத்தாங்க, பாயின்ட்ட நீள விடல. 2022-ல தொடர்ந்து 37 வெற்றி, அந்த வருஷமே பிரெஞ்சு, யுஎஸ் ரெண்டும், அப்புறம் 2023, 2024 பிரெஞ்சு. ஏழு வருஷம் ராட்வான்ஸ்காவோட பெஞ்சுல உக்காந்து ரெண்டாவது வாரம் அந்தக் கால்கள் ஓயறதப் பாத்த ஒரு கோச் அடுத்த ஆளுக்கு முதல்ல எதச் சொல்லிக்குடுப்பாரு? சீக்கிரம் முடின்னுதான். இது என் ஊகம், ஆனா ரெண்டு பேரோட மேட்ச்சையும் அடுத்தடுத்து வச்சுப் பாத்தா வேற மாதிரி நினைக்க எனக்கு முடியல.

2022 ஜூலையில உக்ரைனுக்காக நிதி திரட்ட ஸ்வியாடெக் கிராக்கோவ்ல ஒரு நிகழ்ச்சி நடத்தினப்ப எதிர்ல நின்னு ஆட கூப்பிட்டது ராட்வான்ஸ்காவத்தான். ஊரே அரங்கத்துல இருந்துச்சு. புதுசா பாக்க ஆரம்பிக்கறவங்க மேல சொன்ன தோல்விகள்லேருந்து ஆரம்பிக்காதீங்க, அசரென்கா கூட ஆடின அந்த 2014 குவார்ட்டரோட மூணாவது செட்ட முழுசா பாருங்க, அப்புறம் சிங்கப்பூர் செமி.